இன்னும் உழைக்கும்

ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய நாள் எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். நடையில் பாயை விரித்து, முதுகுப்பைக்குள் போக வேண்டியதையெல்லாம் அதன்மேல் பரப்புவேன். அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார். பல் உடைந்த ஜிப். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்த செருப்பு. தையல் விட்ட மழைச்சட்டை. முப்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டே அணைந்துபோகும் போன். எல்லாவற்றுக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "இன்னும் உழைக்கும்டி."

தமிழில் பொருள்கள் உழைக்கின்றன. ஒரு சட்டை இரண்டு வருஷம் உழைத்தது என்கிறோம். வாங்கும்போது கடைக்காரரிடம் இது எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்கிறோம். அதே வாயால் பெண்களையும் பேசுகிறோம். சாவு வீட்டில், "ஓடாத் தேஞ்சு இந்தக் குடும்பத்தக் காப்பாத்துனா" என்று சொன்னால் அது பெரிய புகழ்ச்சி. தேய்ந்ததற்காகப் புகழ்கிறோம். தேயாமல் இருந்திருக்க வழி இருந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நான் ஒன்பது வருடங்களாக, வருடத்துக்கு நான்கு மாதம் போல, கையில் இருக்கும் காசில் ஊர் ஊராகச் சுற்றுகிறவள். மற்ற எட்டு மாதம் வீட்டில் இருந்து பிழைதிருத்தும் வேலை. பயணத்தில் ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்பது என் வரம்பு. ரயிலில் பொதுப்பெட்டி, தர்மசாலை, பொது அறையில் ஒரு கட்டில், சாலையோரச் சாப்பாடு. இப்படிப் போகிறவர்களுக்கு டிக்கெட்டைவிடப் பெரிய செலவு ஒன்று மெதுவாக வந்து சேரும். நான்கு மாதம் தினமும் தோளில் ஏறி இறங்கும் பை, தினமும் நடக்கும் செருப்பு, தினமும் சார்ஜ் ஏறும் போன் எல்லாம் வீட்டில் இருப்பதைவிட வேகமாகத் தேயும். அவற்றை எப்போது மாற்றுவது? பார்த்தால் பணக் கணக்கு போலத்தான் தெரியும். அது ஓர் அறக் கேள்வி என்று எனக்குப் புரிய இரண்டு இரவுகள் தேவைப்பட்டன. ஒன்று என்னுடையது, மற்றது அம்மாவுடையது.

*

முதல் இரவு ஆந்திரத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சிற்றூரின் பேருந்து நிலையத்தில். பேருந்து நான்கு மணி நேரம் தாமதம். இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தங்குமிடத்தின் முகவரி, வழி, அவர்களின் எண், பணம் கட்டும் வழி எல்லாமே போனுக்குள். போன் முப்பத்தொரு சதவீதம் காட்டியது. அழைப்பை அழுத்தினேன். அணைந்தது.

இதில் மர்மம் இல்லை. லித்தியம் மின்கலம் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவை இழக்கத் தொடங்கும். அதோடு அதன் உள்தடையும் ஏறும். அழைப்பு, கேமரா என்று திடீரென அதிக மின்சாரம் கேட்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து, திரையில் எண் என்ன சொன்னாலும் கருவி அணைந்துவிடும். குளிரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எனக்கு இது ஒரு வருடமாகவே தெரியும். தெரிந்தும் மாற்றாமல் இருந்தேன். ஆறு வருடம் ஒரே போன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வருடத்துக்கு ஒரு போன் மாற்றும் நண்பர்கள் நடுவில் அது ஒரு கொள்கையாகவே தோன்றியது.

நிலையத்தில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். தீமை செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓர் ஓரத்தில் டீக்கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்தவர்களையும் பார்த்தார். அணைத்த அடுப்பை மறுபடி மூட்டினார். விடியற்காலை முதல் பேருந்து வரும்வரை கடையை மூடாமல் என்னோடு உட்கார்ந்திருந்தார். அதே நாள் காலை ஏழு மணிக்கு அவர் மறுபடி கடை திறக்க வேண்டும். நான் கொடுத்த பணத்தில் டீக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

பல மாதங்கள் இதை மனிதநேயத்தின் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கணக்கு உறைத்தது. ஒரு பேட்டரி மாற்ற எனக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆகியிருக்கும். அதை நான் மிச்சப்படுத்தினேன். அந்த மிச்சத்தை ஒரு டீக்கடைப் பெண் தன் ஓர் இரவுத் தூக்கத்தால் கட்டினார். என் எளிமையின் செலவு காணாமல் போகவில்லை. என்னைவிட வசதி குறைந்த ஒருத்தியின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

*

குறைந்த செலவுப் பயணத்தைப் பற்றி எழுதுகிற ஆண்கள் பலரும் அதைத் துறவு போலப் பேசுகிறார்கள். இரண்டு சட்டை, ஒரு போர்வை, பிளாட்பாரத்தில் தூக்கம். என் நண்பன் ஒருவன் போனே இல்லாமல் மூன்று மாதம் சுற்றிவிட்டு வந்து, "எதுவுமே தேவையில்லப்பா" என்றான். அவனுக்குத் தேவையில்லைதான். அவனுடைய ஆண் உடம்பு செய்கிற வேலையை என்னுடைய போனும், விளக்கும், பையின் பூட்டும், ஓடினால் கழன்று விழாத செருப்பும் செய்ய வேண்டியிருக்கிறது. அவன் சுமக்காத எடையை நான் சுமக்கிறேன். அதற்குப் பெயர் ஆடம்பரம் இல்லை.

எது தேவை, எது ஆடம்பரம் என்ற கேள்வி பழையது. 1776இல் வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித், தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு நாள்கூலிகூட லினன் சட்டை இல்லாமல் பொது இடத்துக்கு வர வெட்கப்படுவான், ஆகவே அதைத் தேவை என்றே கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். உயிர் வாழ அது வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். இன்று பணம் கட்டவும், டிக்கெட் காட்டவும், அடையாளத்தை நிரூபிக்கவும் போன் வேண்டும். 2016இல் யுபிஐ வந்த பிறகு சில்லறை வைத்திருக்கும் கடைகளே குறைந்துவிட்டன. போனின் இயங்குதளம் பழசாகிவிட்டால், கருவி நன்றாக இருந்தும் பணம் கட்டும் செயலி திறக்க மறுக்கும். அங்கே பொருள் தேய்வதில்லை. அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துபோய், பொருளைத் தேய்ந்ததாக அறிவித்துவிடுகிறது.

ஏழைக்கு மலிவுதான் கடைசியில் அதிக விலை என்பதையும் யாரோ நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் 1993இல் எழுதிய நாவலில் ஒரு காவலர் இதைப் பூட்ஸ் கணக்காகப் போட்டுப் பார்ப்பார். ஐம்பது டாலர் பூட்ஸ் பத்து வருடம் வரும். ஐம்பது இல்லாதவன் பத்து டாலர் பூட்ஸை அடிக்கடி வாங்கி, அந்தப் பத்து வருடத்தில் நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் நனைந்தபடியே இருக்கும். அம்மா இந்த நாவலைப் படித்ததில்லை. ஆனால் நூறு ரூபாய் செருப்பை வருடத்துக்கு மூன்று வாங்கியவர் அவர்தான். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் தோல் செருப்பு. வெளியே போகிறவர் என்பதால்.

அந்தக் கணக்கில் பெண்ணுக்கு இன்னொரு வரி சேர வேண்டும். எங்கள் வீட்டில் எது கடைசியாக மாற்றப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். வெளியே தெரிகிற சேலை இல்லை. உள்ளாடைதான். எலாஸ்டிக் போய், ஊக்குக் குத்தி, நிறம் இழந்து, அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஓடும். யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு பெண் தனக்காகச் செலவழிப்பது வீண் என்று நமக்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் அதே பழக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். சேலை உடுத்தாமல், சமையலறையில் நிற்காமல், இமயமலை அடிவாரம்வரை போய், அங்கே உட்கார்ந்து அம்மாவைப் போலவே கிழிந்ததைத் தைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எளிய பயணம் என்று பெயரும் வைத்திருந்தேன். சிக்கனம் எங்கே முடிகிறது, தன்னை மறுத்துக்கொள்வது எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பெயர் என்னைப் பார்க்கவிடவில்லை.

*

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? அது அவ்வளவு எளிது இல்லை. காஞ்சிபுரத்துக்காரிக்கு அந்தக் கேள்வி தூரத்தில் இல்லை.

என் முதல் போன் நோக்கியா. நகத்தால் நெம்பினால் பின்மூடி கழலும், பேட்டரி கையில் வரும், புதியதைப் போட்டால் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் இயங்கத் தொடங்கியபோது, அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் இளம்பெண்கள். முதன்முதலாகச் சொந்தச் சம்பளம், சொந்த வங்கிக் கணக்கு. பிறகு உலகம் தொடுதிரைக்கு மாறியது. வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றுபோனது. ஆயிரக்கணக்கானவர்கள் இருபதுகளின் நடுவிலேயே பழைய தொழில்நுட்பம் ஆனார்கள். பேட்டரியை மாற்றுவது போல அவர்களை மாற்றிப் போட யாரும் வரவில்லை.

இன்றைய போன்களும் அதே பக்கத்தில்தான் உருவாகின்றன, அதே வயதுப் பெண்களின் விரல்களால். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. நான் வாங்கப்போகும் புதிய போன் வானத்திலிருந்து விழவில்லை. அது எங்கள் மாவட்டத்தின் ஒரு விடுதியில், ஒரே அறையில் பலராகப் படுத்து எழுந்த பெண்களிடமிருந்து வருகிறது. அதன் பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட் இன்னும் தூரத்திலிருந்து வருகிறது. உலகத்தில் தோண்டப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ மண்ணிலிருந்து எடுக்கப்படுகிறது.

செருப்பும் அப்படித்தான். ஓரிக்கை பாலாற்றங்கரை ஊர். அதே ஆறு மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாக வருகிறது. தோல் பதனிடும் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை உறுதிப்படுத்தியது: மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும். சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. பொருளின் விலைச்சீட்டில் எழுதாத விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் அந்த வழக்கின் கேள்வி. ஆம்பூர்ப் பக்கத்துக் காலணி ஆலைகளில் மேல்தோலைத் தைக்கும் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே.

மாற்றாவிட்டால் டீக்கடைப் பெண் கட்டுகிறார். மாற்றினால் ஆலைப் பெண் கட்டுகிறார். இரண்டு பக்கமும் பெண்ணின் உடம்புதான் கடைசிக் கல்லாப்பெட்டியாக இருக்கிறது. இதற்கு நடுவில் எனக்கு எது சரி?

*

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில் சைக்கிளில் கிளம்பி, ஐரோப்பா, பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அந்த வருடமே டெல்லி வந்து சேர்ந்தார். அவர் கதையில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியம். சைக்கிளும் உலகப்படப் புத்தகமும் அவருக்குப் பத்து வயதில் கிடைத்தன. இந்தியாவுக்குப் போவது என்று அப்போதே முடிவு செய்தார். ஆனால் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்று, மூட்டுவாதத்தால் முடங்கிய தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தாய் இறந்த பிறகே, முப்பதைத் தாண்டி, கிளம்ப முடிந்தது. பயணத்தை ஆசைப்பட்ட வயதில் தொடங்கவிடாத வீட்டு வேலையும் அவர் சுமந்த கருவிகளில் ஒன்று என்றே நான் கணக்கில் வைக்கிறேன்.

இரண்டாவது விஷயம் சைக்கிள் பற்றியது. கிளம்புமுன் அதில் இருந்த மூன்று வேகக் கியரை அவர் கழற்றவைத்தார். வழியில் வரும் சாலைகளை அது தாங்காது என்று நினைத்தார். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். புதியதா பழையதா என்று அவர் பார்க்கவில்லை. உடைந்தால் போகிற வழியில் இருக்கிற கைகளால் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தார்.

இந்த ஒரு கேள்வி என் பையில் பாதியை மாற்றியது. பழுது பார்க்க முடிவது என்பது பொருளின் குணம் மட்டும் இல்லை, மனிதர்களோடு உள்ள தொடர்பும்கூட. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிய போன் என்னை அந்த நிறுவனத்தோடு மட்டும் கட்டிப்போடுகிறது. கழற்ற முடிகிற போன், எந்த ஊர்ச் சந்தில் இருக்கும் எந்தக் கடைக்காரரோடும் என்னைச் சேர்த்துவைக்கும். இது தனியாளின் சாமர்த்தியத்தால் தீர்கிற விஷயமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதியின்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே எளிதில் கழற்ற முடிய வேண்டும். இந்தியாவிலும் 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. சட்டம் கேட்க வேண்டியதைச் சட்டம் கேட்கட்டும். நான் என் பங்குக்கு ஒன்றை நிறுத்தினேன். செருப்புத் தைப்பவரிடமும் பை தைக்கும் அக்காவிடமும் பேரம் பேசுவதை நிறுத்தினேன். பெரிய கடையில் சீட்டில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, சாதியின் பெயரால் தெருவோரத்தில் உட்காரவைக்கப்பட்டவரிடம் இருபது ரூபாய்க்குச் சண்டை போடுவதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

பத்திரமாக எடுத்துவைப்பதும் மிச்சம் பிடிப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக் கற்றேன். நல்ல நடைக்காலணி ஒன்றை, அடுத்த பெரிய பயணத்துக்கு என்று இரண்டு வருடம் பரணில் வைத்திருந்தேன். எடுத்துப் போட்ட மூன்றாம் நாள் அடிப்பகுதி பிண்ணாக்கு போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில், போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். அம்மாவின் கல்யாணப் பட்டு பீரோவில் மடித்த மடிப்பிலேயே இற்றுக் கிழிந்தது நினைவுக்கு வந்தது. வருடக்கணக்கில் தறியில் கை வைத்தவர், தன் பட்டை எட்டு முறைதான் உடுத்தியிருக்கிறார்.

*

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு பயணக் கதை உண்டு. திருவெஃகாவில் இருந்த திருமழிசை ஆழ்வாருக்கு ஒரு கிழவி பெருக்கி மெழுகித் தொண்டு செய்தாள். ஆழ்வார் மகிழ்ந்து அவளுக்கு இளமை தந்தார். அவளாகவே அதைக் கேட்டாள் என்றும் சொல்வார்கள். இளமையான அவளைக் கண்டு பல்லவ அரசன் மணந்துகொண்டான். அவனுக்கு வயதாகிக்கொண்டே போனது, அவளுக்கு ஆகவில்லை. தனக்கும் அது வேண்டும் என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனிடம் கேட்டான். அவர் மறுக்க, நாடு கடத்தினான். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்பினார். தன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரும்படி ஆழ்வார் சொல்ல, பெருமாளும் அப்படியே கிளம்பினார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, திரும்பிப் போனார்கள். திருவெஃகாப் பெருமாளுக்குச் சொன்னவண்ணம் செய்தவர் என்று பெயர் நிலைத்தது.

சின்ன வயதில் எனக்குப் பிடித்தது கடவுள் பாயைச் சுருட்டும் இடம். இப்போது என் கண் அந்தக் கிழவியிடம் போய் நிற்கிறது. ஆழ்வாருக்குப் பெயர் உண்டு, சீடருக்குப் பெயர் உண்டு, ஊருக்கே பெயர் வந்தது. பெருக்கியவளுக்கு நான் கேட்ட வரையில் பெயர் இல்லை. இளமை பெற்று அரண்மனைக்குப் போன பிறகு கதை அவளை மறந்துவிடுகிறது. வயதானவளாகவே இருந்து, முதுகு வலிக்காமல், தொண்டில் இன்னொரு கை துணையோடு வாழும் வழி அந்தக் கதைக்குள் இல்லை. தேய்ந்த பெண்ணுக்குக் கதை காட்டும் வழிகள் இரண்டுதான்: தேய்ந்துகொண்டே இரு, அல்லது வேறொருத்தியாக மாறு.

எங்கள் ஊரில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்கள் சாலையில் ஓடக்கூடாது என்பது ஒன்றிய அரசின் விதி. அதற்குமுன் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், டயருக்கு மேல்ரப்பர் மாற்றுவார்கள். ஒரு பேருந்துக்குப் பராமரிப்பும் ஓய்வும் எழுத்தில் இருக்கின்றன.

*

இரண்டாவது இரவு போன வருடம் ஐப்பசி மழையில். டீக்கடை இரவுக்குப் பிறகு நான் ஒருவழியாகப் புதிய போன் வாங்கியிருந்தேன். பழையதைக் குப்பையில் போடவில்லை. மின்கழிவு பற்றி ஊருக்கெல்லாம் பேசுகிறவள் அப்படிச் செய்வேனா? துடைத்து, புது உறை போட்டு, அம்மாவிடம் கொடுத்தேன். அவருடைய பட்டன் போன் அதற்கு முன்பே காது கேட்காமல் ஆகியிருந்தது. "எனக்கு இது போதும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பொருள் வீணாகவில்லை.

நான் ஒடிசாவில் இருந்தேன். இரவில் அம்மாவுக்குத் தலைசுற்றி, நடையிலேயே விழுந்திருக்கிறார். எழ முடியவில்லை. போனை எடுத்து என்னை அழைத்திருக்கிறார். இருபத்தெட்டு சதவீதம். முதல் மணி அடிக்கும் முன்பே அணைந்தது. காலையில் பால் ஊற்ற வந்தவர் கதவைத் தட்டிப் பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ரத்த அழுத்தம், மாத்திரை, இரண்டு நாள் மருத்துவமனை. ஆனால் ஆகியிருக்கலாம்.

ஊர் திரும்பியதும் அம்மா திட்டவில்லை. போனை என் முன்னால் வைத்து, சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏம்மா, இது ஒனக்கு ஒழைக்காதுன்னுதான குடுத்த? எனக்கு மட்டும் எப்படி ஒழைக்கும்?"

இத்தனை வருடம் நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது. மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா என்பது பாதிக் கேள்வி. மீதிப் பாதி, பழையது எந்தப் பக்கம் போகிறது என்பது. தேய்ந்த பொருள் எப்போதும் பள்ளத்தை நோக்கி ஓடும். அண்ணனிடமிருந்து தங்கைக்கு, மகளிடமிருந்து தாய்க்கு, எஜமானியிடமிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு, நகரத்திலிருந்து கிராமத்துக்கு, பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டின் குப்பைமேட்டுக்கு. ஒவ்வொரு படியிலும் கொடுப்பவருக்கு வீணாக்கவில்லை என்ற திருப்தி கிடைக்கும். வாங்குபவருக்கு முப்பது சதவீதத்தில் அணையும் கருவி கிடைக்கும். நன்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

பழையதைக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் போனில் பேட்டரியை மாற்றிக் கொடுத்திருந்தால் அது நல்ல கொடை. எனக்கு ஆபத்து என்று நான் விட்டதை, ஆபத்தை நீக்காமல் கைமாற்றினேன். தவறு அதில் இருந்தது. தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு நம்பகமான போன் தேவை என்று எவ்வளவு எழுதியிருக்கிறேன். தனியாக வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பயணத்தை நடத்தியதே அவர் வீட்டில் இருந்ததுதான். வாடகை இல்லாத வீடு, திரும்பி வந்தால் சோறு, என் பெயருக்கு வரும் தபாலை வாங்கிவைக்கும் கை. 600 ரூபாய்க் கணக்கில் இவை ஒருநாளும் ஏறியதில்லை.

*

இப்போது சில விதிகள் வைத்திருக்கிறேன். உயிரையும் உடம்பையும் தொடுகிறவற்றை, போன், செருப்பு, விளக்கு, உள்ளாடை, மாதவிடாய்த் துணி, எல்லைவரை இழுப்பதில்லை. மற்றதை இற்றுப்போகும்வரை வைத்துக்கொள்கிறேன். கிழிந்த மழைச்சட்டை என்னை மட்டும்தான் நனைக்கும். வாங்கும்போது பிரித்துச் சரிசெய்ய முடிவதையே தேடுகிறேன். சரிசெய்பவருக்கு முழுக்கூலி. பழையதை யாருக்காவது கொடுத்தால், நானே அடுத்த மாதம் அதோடு கிளம்பத் துணிவேனா என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் முதலில் பழுது பார்ப்பேன், அதுவும் முடியாது என்றால் மின்கழிவு வாங்குபவரிடம் சேர்ப்பேன். அம்மாவுக்குப் புதுப் போன் வந்துவிட்டது. என்னுடையது அதைவிட மலிவு.

இந்த விதிகள் ஆலைப் பெண்ணின் கடனைத் தீர்க்காது. அது என் பையளவில் தீர்கிற கடன் இல்லை. அவர்கள் சாலையில் உட்காரும்போது பேருந்து தாமதமாகிறது என்று முணுமுணுக்காமல் இருப்பதிலிருந்து அது தொடங்கும்.

தறியில் ஒரு பாவு தீரும்போது கடைசி நுனிகளை அறுத்து எறிவதில்லை. அவை பன்னையிலும் விழுதிலும் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அம்மா பல வருடங்கள் அந்த வேலையைச் செய்தார், தார் சுற்றினார், கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுத்தார். கூலி தறிக்காரர் கணக்கில் வந்தது. அம்மாவின் பங்கு 'கூடமாட ஒத்தாசை' என்று போனது. பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் உட்கார்ந்து பிணைக்கிற விரல்கள் எப்போதும் உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்க்காத எந்த எளிமையும் எனக்கு இப்போது எளிமையாகத் தெரிவதில்லை.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதிலிருந்து அம்மா தனியாக உத்திரமேரூர்வரை போய்வரப் பழகியிருந்தார். இந்தத் தையில் என்னோடு பத்து நாள் வருவதாகச் சொன்னார். முந்தைய நாள் நடையில் பாய் விரித்தோம். இந்த முறை அவருடைய பொருள்கள். பிடி அறுந்த மஞ்சள் பை, ஊக்குக் குத்திய ரவிக்கை, நூறு ரூபாய்ச் செருப்பு. நான் செருப்பைக் கையில் எடுத்து, பழைய தீர்ப்பை அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன்.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிப் பாய்க்கு வெளியே வைத்தார். "ஒழைச்ச வரைக்கும் போதும். கடை தெறந்திருக்குமா பாரு."

மணி ஆறரைதான். கிளம்பினோம்.